தென்கடல் ஓரத்து வீட்டு வாசலில் மார்கழியில் பூக்க எந்தப் புதர்ச்செடி வைக்கலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் இருக்கிறீர்கள். அங்கே கடுங்குளிரிலும் இலை உதிர்க்காமல் பூத்து நிற்கிற கமேலியா, மஹோனியா, வைபர்னம் எல்லாம் பார்த்து ஆசை வந்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில், கடலுக்கு முந்நூறு மீட்டருக்குள் புது வீடு. ஆன்லைனில் கமேலியா கன்று விற்கிறார்கள், வாங்கலாமா என்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், "டிசம்பர் கடைசியில் லீவுக்கு வரும்போது வாசலில் பூ இருக்கணும், மற்ற நாளெல்லாம் வாப்பாதான் தண்ணீர் ஊற்றுவார்" என்று, அதைத்தான் நான் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். வருஷம் பூராவும் பச்சையாக நிற்க வேண்டும், உப்புக்காற்றுக்கும் போர் தண்ணீருக்கும் அசரக் கூடாது, வயசான மனுஷர் ஒருவர் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு இருக்க வேண்டும், மார்கழி, தையில் பூக்க வேண்டும். இப்படிச் செடி நம் கரையில் இருக்கிறதா என்றால், தாராளமாக இருக்கிறது.

நான் தோட்டக்கலை படித்தவன். மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் தோட்டம் போட்டுக்கொடுப்பதுதான் பிழைப்பு. கீழே சொல்வதில் செடிகளின் குணம் பற்றியது படிப்பில் வந்தது, அதை நம்பலாம். எந்தச் செடி எந்தக் கரையில் தாக்குப்பிடிக்கும் என்பது வேலையில் கண்ணால் கண்டது, யாரும் அளவெடுத்துப் பார்த்ததில்லை. உங்கள் இடத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

சரி, கமேலியாவை முதலில் முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். நாம் குடிக்கிற டீத்தூள் வருகிறதே அந்தத் தேயிலையும் கமேலியா இனம்தான், பூவுக்காக வளர்ப்பது அதன் உடன்பிறப்பு. தேயிலை ஏன் ஊட்டியிலும் குன்னூரிலும் இருக்கிறது, உச்சிப்புளியில் இல்லை என்று யோசித்தாலே பாதி பதில் வந்துவிடும். இரண்டுக்கும் புளிப்பு மண் வேண்டும். மண்ணின் புளிப்பையும் காரத்தையும் சொல்கிற பிஎச் எண் ஏழுக்குக் கீழே இருந்தால் புளிப்பு, மேலே போனால் காரம். பூக்கமேலியாவுக்கு அது ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் இருக்க வேண்டும், தேயிலைக்கு இன்னும் குறைவாக. நம் கரை மணலில் சிப்பியும் பவளக்கல் பொடியும் கலந்து கிடக்கிறது, பிஎச் எட்டைத் தாண்டுவது சாதாரணம். அது போக, கமேலியா கோடையில் மொட்டு வைத்துவிட்டு, அந்த மொட்டு விரிவதற்குக் குளிருக்காகக் காத்திருக்கும். இங்கே ஜனவரி ராத்திரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். தொட்டியில் மலைமண் போட்டு, மழைத்தண்ணீர் ஊற்றிப் பாதுகாத்தால் செடி கொஞ்ச காலம் இருக்கும், மொட்டும் வைக்கலாம், பிறகு அந்த மொட்டு விரியாமலே பழுத்து உதிரும். மஹோனியா ஆசை இருந்தால் ஊர் வரும்போது கொடைக்கானல் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள், பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலைக்காடுகளில் அந்த இனத்தில் ஒன்று தானாகவே வளர்கிறது. வைபர்னத்தில் நீங்கள் பார்த்தது டைனஸ் வகையாகத்தான் இருக்க வேண்டும், அது மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி. கடற்காற்றை அது ஓரளவு தாங்கும், நம் ராத்திரிப் புழுக்கத்தைத் தாங்காது.

அங்கே குளிர்காலம் என்றால் குளிர். லண்டனில் மார்கழிப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அந்தச் செடிகள் அதற்கேற்பப் பழகியவை. இங்கே பகல் நீளம் ஆனிக்கும் மார்கழிக்கும் ஒரு மணி நேரமும் சொச்சமும்தான் வித்தியாசம், 12 மணி 40 நிமிடம் இருந்தது 11 மணி 35 நிமிடத்துக்கு வரும், அவ்வளவுதான். நம்மைப் பொறுத்தவரை குளிர்காலம் என்பது மழைக்காலமும் அதன் வாலும். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம் பெய்கிற நம் மாவட்டத்தில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த மழை மணலில் ஏறிக்கிடந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்கும், செடி புதுத் துளிர் விடும், துளிரின் நுனியில் பூ வரும். ஆகவே குளிருக்குப் பூக்கும் செடியைத் தேடாமல், மழை வெறித்ததும் பூக்கிற செடியையும் பகல் சற்றுக் குறுகினாலே மொட்டு வைக்கிற செடியையும் தேட வேண்டும்.

செடி வாங்கப் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, நர்சரியில் யாரும் கேட்க மாட்டார்கள்: உங்கள் வீடு பார்ப்பது எந்தக் கடலை? உங்களுக்குத் தென்கடல், மன்னார் வளைகுடா. அங்கே செடியைக் கருக்குவது வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அடிக்கிற கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. அந்த நாளில் காலையில் தெற்கு பார்த்த இலையை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். இலை நுனியிலிருந்து ஓரம் வழியாகப் பழுப்பு ஏறிக்கொண்டு வரும், கடல் பார்த்த பக்கம் மட்டும் செடி கத்தரி போட்டதுபோல் மொட்டையாகும், வீட்டுப் பக்கம் செழித்துக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை வந்துவிட்டால் உங்கள் பக்கம் கடல் அடங்கிவிடும், காற்று தரை மேல் வருவதால் உப்பு குறைவு. அதாவது நீங்கள் பூ கேட்கிற அதே மாதத்தில் உங்கள் தோட்டத்துக்கு ஓய்வு. தேவிபட்டினம், தொண்டி மாதிரி வடகடல், அதாவது பாக் விரிகுடா பார்த்த வீடுகளில் இது தலைகீழ். பூக்கிற காலத்திலேயே வாடையோடு உப்பும் வந்து மொட்டைக் கருக்கும், அங்கே நான் சொல்லும் பட்டியல் இன்னும் சுருங்கும். ராமேஸ்வரம் தீவிலும் மண்டபம் முனையிலும் இரண்டு பக்கமும் அடிதான்.

உங்களுக்கு வேண்டியது முதலில் தெற்கு ஓரத்தில் ஒரு திரை. அதற்கு நான் எப்போதும் வைப்பது சங்கங்குப்பி. பீச்சங்கு என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வார்களே அதுதான். காடாகக் கிடப்பதால் யாரும் மதிப்பதில்லை. ஆனால் பளபளவென்ற கரும்பச்சை இலை, வெட்ட வெட்ட அடர்த்தியாகும், ஆடு வாய் வைக்காது, உப்புத்தண்ணீர் தேங்குகிற கழி ஓரத்திலேயே வளர்கிற செடி அது, உங்கள் போர் தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மூன்று மூன்றாக வெள்ளைப் பூ, நீளக் குழாய், வாயிலிருந்து செவ்வூதா நிறத்தில் கேசரங்கள் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழைக்குப் பிறகு நன்றாகவே பூக்கும். வேலியை வாரா வாரம் மழித்துக்கொண்டே இருந்தால் மட்டும் பூ வராது, நுனியைக் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும்.

திரைக்குப் பின்னால் அரளி. இதைப் பற்றி ஒரு கருத்துவேறுபாடும் இல்லை, உப்பு, வறட்சி, கார மண் மூன்றையும் தாங்குகிற பூச்செடி என்று கேட்டால் உலகம் முழுக்க முதலில் சொல்வது இதைத்தான். மத்தியதரைக்கடல் கரையிலிருந்து நம் நாடு வரை பரவியிருக்கிற செடி, வைபர்னத்தை விட்டுவிட்டு அதே கரையிலிருந்து இதை எடுத்துக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில்தான் உச்சம், மார்கழியில் குறைவாக இருந்தாலும் பூ இல்லாமல் இருக்காது. ஆடியில் ஒருமுறை கவாத்து செய்தால் மழையில் துளிர்த்துத் தைக்குள் கொத்து வைக்கும். ஆனால் இலை, பூ, தண்டு, பால் எல்லாமே விஷம், இதயத்தைப் பாதிக்கிற விஷம். பச்சையாக இருக்கும்போது ஆடு பெரும்பாலும் ஒதுங்கிப் போகும், வெட்டிப் போட்டுக் காய்ந்த இலையைத்தான் மற்ற தழையோடு சேர்த்துத் தின்றுவிட்டுச் சாகும். வெட்டியதைத் தெருவில் எறியக் கூடாது, எரித்துப் புகையில் நிற்கவும் கூடாது, குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் அரளியே வேண்டாம், மஞ்சள் அரளியும் வேண்டாம், அதன் காய் இன்னும் மோசம்.

இப்போது வாசலுக்கு வருவோம். உங்கள் லீவு தேதிக்குச் சொல்லிவைத்ததுபோல் பூக்கிற செடி டிசம்பர் பூ. சின்ன வயசில் இதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள், ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு, அப்புறம் வெள்ளையில் ஊதாக் கோடு போட்டது. வாசனை கிடையாது, அதனால் ஆண்கள் பலர் கவனித்திருக்க மாட்டார்கள், பெண்களிடம் கேட்டால் எந்த வீட்டில் எந்த நிறம் இருந்தது என்று சொல்வார்கள். இடுப்பளவுப் புதர். பூவைப் பறிக்கும்போது அடியில் பாருங்கள், ஓரமெல்லாம் மெல்லிய முள்பல் வைத்த இரண்டு பச்சை மடல் இருக்கும், அதற்குள்ளிருந்துதான் ஒவ்வொரு பூவாக எட்டிப் பார்க்கும். பூ ஒரு நாளில் விழுந்துவிடும், மடல் நின்று காய்ந்து கையைக் கீறும். ஐப்பசி கடைசியில் தொடங்கி மாசி வரை ஓயாது. பகல் குறுகுவதுதான் இதற்குக் கணக்கு. ராத்திரி முழுக்கத் தெருவிளக்கு வெளிச்சம் விழுகிற பக்கத்தில் இது தாமதமாகப் பூப்பதைக் கண்டிருக்கிறேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கிற சிவப்பு இலை பாயின்செட்டியாவில் இந்த விளக்குச் சமாசாரம் நிரூபணமானது, டிசம்பர் பூவில் என் கண் கண்டது மட்டும்தான், இருந்தாலும் விளக்குக் கம்பத்துக்கு நேரே வைக்காதீர்கள். பூ முடிந்ததும் பங்குனியில் பாதிக்குப் பாதி வெட்டிவிட வேண்டும், வெட்டிய குச்சியை நட்டாலே வேர் பிடிக்கும். ஆவணிக்கு மேல் கத்தரியே வைக்கக் கூடாது, வைத்தால் மொட்டு போய்விடும். நிறையப் பேர் தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிற வேகத்தில் இதையும் ஒட்ட வெட்டிவிட்டு, பூக்கவில்லை என்று என்னைக் கூப்பிடுவார்கள். குறை ஒன்றே ஒன்று, உப்புத் தாங்கும் சக்தி சுமார்தான். அதனால் தெற்கே வைக்காமல் வீட்டின் மறைவில், கிழக்கு வாசல் ஓரத்தில் வையுங்கள், காலை வெயில் போதும்.

ஆவாரையை யாரும் காசு கொடுத்து வாங்கி வைக்க மாட்டார்கள், ரோட்டோரச் செடி என்ற இளப்பம். எனக்கு இது புரிந்ததே இல்லை. சிறு சிறு பச்சை இலையோடு வருஷம் முழுக்க நிற்கும், மழை வெறித்ததும் தலை நிறைய மஞ்சள், பொங்கல் வரை ஓடும், தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கேட்காது. தண்ணீர் தேங்கினால்தான் பிரச்சினை, மணலில் அது வராது. விதையின் தோல் கெட்டி, அப்படியே போட்டால் கிடந்தே போகும், சொரசொரப்பான தரையில் லேசாகத் தேய்த்துவிட்டு ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால் பெரிய செடியைப் பிடுங்கி நட்டால் வராது.

காகிதப்பூவைப் பற்றி உங்களுக்கு ஒரு யோசனை. நிறமாகத் தெரிவது பூவே அல்ல, மூன்று வண்ண மடல்கள். பூ என்பது நடுவில் தீக்குச்சித் தலை அளவுக்கு வெள்ளையாக விரிகிறதே அது. மடலாக இருப்பதால்தான் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது. உப்பையும் காற்றையும் நன்றாகத் தாங்கும். சிக்கல் மழைதான்: ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் மிஞ்சி வெறும் இலையாகக் கொழுத்துவிடும், தரையில் நட்டது நிறம் காட்டத் தை பிறந்துவிடும், நீங்கள் அதற்குள் பிளேன் ஏறியிருப்பீர்கள். அதனால் தொட்டியில் வைத்து, கார்த்திகையில் மழை படாமல் வெயில் மட்டும் படுகிற மாதிரி சன்ஷேடுக்குக் கீழே இழுத்துவிடச் சொல்லுங்கள். இலை லேசாகத் துவளும் வரை தண்ணீர் ஊற்றாமல் விட்டு, பிறகு ஊற்ற வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை காயவிட்டால் டிசம்பரிலேயே நிறம் வரும். வாப்பாவுக்குச் செடியைக் காயப்போட மனசு வராது, அதை மட்டும் நீங்கள் போனில் சொல்லிப் புரியவைக்க வேண்டும். பெரிய தொட்டியை அவர் தனியாக இழுக்கக் கூடாது, அடியில் சக்கரத்தட்டு வைத்துவிடுங்கள்.

இட்லிப்பூ எல்லோரும் கேட்கிற செடி, நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். அழகுதான், வருஷம் முழுக்கப் பூக்கும், இலை உதிராது. ஆனால் இதுவும் கமேலியா மாதிரி புளிப்பு மண் கேட்கிற ரகம், அவ்வளவு கறார் இல்லை, அவ்வளவுதான். நம் சிப்பி மணலில் வைத்தால் சில மாதத்தில் புதுத் துளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக வலை போட்டதுபோல் தெரியும். உடனே யூரியா போடுவார்கள், தண்ணீர் கூட்டுவார்கள், இன்னும் மஞ்சளாகும். அது இரும்புச் சத்துப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தில் அது கரையாது, வேர் எடுக்க முடியாது. அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, அரை எலுமிச்சை பிழிந்து, சாயங்காலம் இலையில் தெளித்தால் இரண்டு வாரத்தில் பச்சை திரும்பும். சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை பிடிக்கும், போகவே போகாது, புது வீடு என்பதால் சொல்கிறேன். வேரில் போடுவதென்றால் கடையில் கீலேட் கேளுங்கள், கார மண்ணிலும் வேர் எடுக்கிற மாதிரி கட்டிவைத்த இரும்பு அது, இடிடிஏ என்று போட்டிருப்பது நம் மண்ணில் சீக்கிரம் வீணாகிவிடும், இடிடிஎச்ஏ என்று இருப்பது விலை அதிகம், ஆனால் வேலை செய்யும். இவ்வளவு பாடு படத் தயாராக இருந்தால் தொட்டியில் ஒன்று இரண்டு வையுங்கள், வேலி முழுக்க வைக்காதீர்கள். இந்தக் கரையில் இட்லிப்பூ வேலி போட்டுக்கொடுக்கச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன்.

நந்தியாவட்டை வைக்கலாம், வீட்டு மறைவில் நன்றாக வரும், மழைக்காலத்தில் வெள்ளையாகக் கொட்டும். செம்பருத்தி மாவுப்பூச்சிக்கென்றே பிறந்தது, கவனிக்க ஆள் இல்லாத வீட்டுக்கு வேண்டாம். பவழமல்லியை யாராவது கட்டாயம் சிபாரிசு செய்வார்கள். மார்கழி வரை பூக்கும் என்பது உண்மை, கோடையில் இலை கொட்டி நிற்கும் என்பதும் உண்மை, நீங்கள் கேட்ட கணக்கில் அது வராது.

நடுகிற நேரம் முக்கியம். லீவில் வரும் டிசம்பர் கடைசியில் நட்டுவிட்டுப் போகத்தான் உங்களுக்குத் தோன்றும், அது தப்பான நேரம். மழை முடியப் போகிறது, வேர் இறங்குவதற்குள் வெயில் வந்துவிடும், பின்னாலேயே கச்சானும் வரும். புரட்டாசிக் கடைசியில் குழி எடுத்து வைத்து, ஐப்பசி முதல் மழை நனைந்ததும் நட வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி குழி. மணலை அப்படியே திருப்பிப் போடாமல் கண்மாய் வண்டலும் மக்கிய ஆட்டு எருவும் கலந்து போடுங்கள், வண்டல் அனுமதி வாங்கி எடுத்ததாக இருக்கட்டும். நம் மாவட்டத்தில் கண்மாய்க்குப் பஞ்சம் இல்லை, மணலுக்கு ஈரம் பிடித்துவைக்க அதைவிட நல்ல பொருளும் இல்லை. தென்னை நார்க்கழிவு போடுவதென்றால் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிப் போடுங்கள், அதிலேயே உப்பு இருக்கும். கச்சான் பலமாக அடித்த மறுநாள் காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவிவிட்டால் பாதிக் கருகல் வராது. மொட்டைமாடி மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்துவைத்தால் இதற்கும் டிசம்பர் பூவுக்கும் மட்டுமாவது ஒதுக்குங்கள்.

ஆகவே இந்த லீவில் செடி வாங்காதீர்கள், இரண்டு வேலை செய்யுங்கள். போர் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில், அதே தண்ணீரால் கழுவிவிட்டுப் பிடித்து, மண்ணையும் சேர்த்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் எந்த வீட்டில் டிசம்பர் பூ இருக்கிறது என்று பார்த்து, பங்குனியில் குச்சி வெட்டும்போது வாப்பாவுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு வாருங்கள், நர்சரிச் செடியைவிட அந்த மண்ணில் பழகியது மேல். தண்ணீர் எப்படி என்று தெரியாமல் இதற்கு மேல் நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ரிசல்ட் வந்ததும் தண்ணீருக்கு இசி என்று போட்டிருக்கிற எண்ணை மட்டும் இங்கே போடுங்கள், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற எண் அது, நான் சொல்வது டெசிசீமன்ஸ்/மீட்டர் (dS/m) கணக்கில். ஒன்றுக்குக் கீழே என்றால் மேலே சொன்ன எல்லாமே வரும், இரண்டு வரை என்றால் இட்லிப்பூவை மறந்துவிடுங்கள், மூன்றைத் தாண்டினால் சங்கங்குப்பி, அரளி, காகிதப்பூ மூன்றோடு நிறுத்திக்கொண்டு டிசம்பர் பூவை மழைத்தண்ணீர் ஊற்றி வளர்க்கிற பூந்தொட்டிக்கு மாற்ற வேண்டியதுதான்.